உறைக்குள் இருந்த அட்டை

பாட்டுச் செயலி ஒன்றில் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக், தேவாலயங்களின் பெரிய குழாய்க் கருவியான ஆர்கனுக்கு எழுதிய இசையைத் தேடினேன். 'கலைஞர்: யோஹான் செபாஸ்டியன் பாக்' என்று வந்தது. 1750-இல் இறந்துபோனவர் எந்த ஸ்டூடியோவுக்கு வந்து வாசித்துவிட்டுப் போனாராம்? உண்மையில் வாசித்தவர் பெயரைக் கண்டுபிடிக்கவே திரையை மூன்று முறை தட்ட வேண்டியிருந்தது. எந்த ஊர், எந்த ஆர்கன் என்பது கடைசிவரை கிடைக்கவில்லை.

எரிச்சலோடு அலமாரியிலிருந்து பழைய 'ஆர்கிவ்' இசைத்தட்டு ஒன்றை எடுத்தேன். உறையில் படம் கிடையாது, வெறும் எழுத்து. உள்ளே ஓர் அட்டை. நூலகத்து மர இழுப்பறைகளில் வரிசையாக நிற்குமே, அந்த மாதிரி. என்ன படைப்பு, யார் வாசித்தது, என்ன கருவி, எங்கே, எந்த நாள் பதிவானது, எல்லாம் அதில் இருக்கிறது.

டாய்ச்ச கிராமஃபோன் என்ற ஜெர்மன் இசைத்தட்டு நிறுவனம், பழைய இசைக்காக ஆர்கிவ் (ஆவணக்காப்பகம்) என்ற இந்தப் பிரிவைத் தொடங்கிய காலத்தை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. போரில் நொறுங்கிக் கிடந்த ஜெர்மனி. லூபெக் நகரத்தின் மரியன்னை ஆலயத்தில் இருந்த புகழ்பெற்ற ஆர்கன் 1942 குண்டுவீச்சில் எரிந்துபோனது. அதே ஊரின் யாகோபி ஆலயம் தப்பித்தது. அதிலிருந்த 17-ஆம் நூற்றாண்டுச் சிறிய ஆர்கனும் தப்பித்தது. 1947 ஆகஸ்டில் ஆர்கன் கலைஞர் ஹெல்முட் வால்கா அதன் முன் உட்கார்ந்து பாக்கை வாசித்தார். ஆர்கிவின் தொடக்கம் அதுதான். வால்காவுக்குப் பார்வை கிடையாது. தாயாரும் பிறகு மனைவியும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல மெட்டுவரிகளில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாசித்துக் காட்ட, கேட்டு மனப்பாடம் செய்து, எல்லாவற்றையும் தலைக்குள் பின்னிக்கொண்டவர். அடுத்து கப்பெல் என்ற கிராமத்தில் பதிவு செய்தார்கள். அங்குள்ள ஆர்கன் 1680-இல் ஹாம்பர்க் ஆலயம் ஒன்றுக்காக ஆர்ப் ஷ்னிட்கர் செய்தது. 1816-இல் கிராமத்தார் அதைப் பழைய சரக்காக விலைக்கு வாங்கினார்கள். இதெல்லாம் தெரிந்து கேட்கும்போது காது வேறு மாதிரி வேலை செய்கிறது. எனக்கு அப்படித்தான்.

பிரிவின் முதல் தலைவர் ஃபிரெட் ஹாமெல் இசையியலாளர். பழைய இசையை, இடைக்காலத் தேவாலயக் கிரெகோரியப் பாடலில் தொடங்கி 18-ஆம் நூற்றாண்டு மன்ஹைம், வியன்னா இசை வரை 12 ஆய்வுத் துறைகளாகப் பிரித்தார். பாக்குக்கு மட்டும் தனித் துறை. வியாபாரியாக இருந்திருந்தால் இப்படி யோசித்திருக்கவே மாட்டார்.

ஆனால் ஆவணக்காப்பகம் என்று பெயர் வைத்துக்கொண்டதில் கொஞ்சம் அகந்தையும் இருந்தது. இதுதான் முடிந்த முடிவு என்கிற தொனி. 1958-இல் இசை நடத்துநர் கார்ல் ரிக்டர் மியூனிக்கில் பதிவுசெய்த, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாக்கின் 'மத்தேயு பாடுகள்' படைப்பைக் கேளுங்கள்: பெரிய பாடகர் குழு, நவீன வாத்தியங்கள். பாக் காலத்து ஒலி அது இல்லை. (எனக்கு உயிர் அந்தப் பதிவு. சண்டைக்கு வராதீர்கள்.) 1970-இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரியாஸ் ஹோல்ஷ்னைடர் காலத்தில் பழங்கால வாத்தியங்களிலேயே வாசிக்க வைப்பவர்கள் உள்ளே வந்தார்கள்: டிரெவர் பின்னாக், ஜான் எலியட் கார்டினர், கொலோனிலிருந்து ரைன்ஹார்ட் கோபெல். பாக்கின் பிராண்டன்பர்க் கன்செர்ட்டோக்கள் கோபெலின் பதிவில் ஓடும் வேகத்தில் ரிக்டர் ரசிகர்களுக்கு மூச்சு வாங்கும். பிற்பாடு இடது கை விரல்கள் ஒத்துழைக்க மறுத்தபோது, வில்லை இடது கைக்கு மாற்றி வயலினைப் புதிதாகக் கற்றுக்கொண்ட மனிதர் அவர். தன் தீர்ப்பைத் தானே திருத்திக்கொண்டதால்தான் ஆர்கிவ் மேல் எனக்கு மரியாதை.

அந்தத் துணிச்சல் 2000-இல் காணாமல் போனது. பாக்கின் கான்டாட்டாக்களை (பாடகர்களும் வாத்தியங்களும் சேர்ந்த தேவாலயப் படைப்புகள்) ஒரே ஆண்டில் ஊர் ஊராக வாசிக்கக் கார்டினர் புறப்பட்டபோது, பதிவுத் திட்டத்திலிருந்து நிறுவனம் பின்வாங்கியது. அவர் சொந்தமாக ஒரு வெளியீட்டகம் தொடங்கி அவற்றைக் கொண்டுவந்தார்.

என் வால்கா தட்டுகளில் ஒன்றுக்கு அட்டை இல்லை; முன்பு வைத்திருந்தவர் தொலைத்திருக்க வேண்டும். கப்பெல் பதிவுகளின் அட்டை யாரிடமாவது இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். கையால் எழுதி உள்ளே வைத்துக்கொள்கிறேன்.