பைபிளில் எங்கே இருக்கிறது?

குன்னூர் துக்க வீட்டு வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ‘பாஸ்டர் சரியாத்தானே கேட்டாரு’ என்று தெரிந்தவர்களே பகிர்வதைப் பார்த்த பிறகு முடியவில்லை.

இறந்துபோன அம்மாவுக்காகச் செபமாலை (மணி உருட்டிச் சொல்லும் எங்கள் கத்தோலிக்கச் செபம்) சொல்லிக்கொண்டிருந்த பெண்களை நிறுத்தி, ‘இது பைபிள்ல எங்க இருக்கு?’ என்கிறார் அந்தப் பாஸ்டர். சரி ஐயா, பைபிளின் பொருளடக்கம் பைபிளில் எங்கே இருக்கிறது? இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் அப்படியே ஒரு பட்டியலாக முதலில் கிடைப்பது, அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார் 367-இல் எழுதிய கடிதத்தில். அதுவரை எது வேதம், எது இல்லை என்று எப்படிப் பிரித்தார்கள்? சபைகளில் தலைமுறை தலைமுறையாக வாசித்து வந்ததை வைத்துத்தானே? மரபு கொடுத்த புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே மரபு வேண்டாம் என்கிறார்.

‘அப்போ மரபுன்னு சொல்லி எதை வேணா நுழைக்கலாமா?’ கூடாது. மாற்கு 7-இல் இயேசுவே அதைக் கண்டிக்கிறார். 1517-இல் பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தைப் பற்றி, புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் கேட்டதும் நியாயம்தான். ஆனால் அந்த லூத்தரே விசுவாசப் பிரமாணத்தையும் குழந்தை ஞானஸ்நானத்தையும் தூக்கி எறியவில்லை.

என் அத்தை கோத்தகிரியில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்ற புராட்டஸ்டன்ட் சபை) குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அங்கே வேதம்தான் கடைசித் தீர்ப்பு. ஆனாலும் பிஷப் உண்டு, சினாட் என்ற ஆட்சிப் பேரவை உண்டு. சின்ன வயதில் புனித வெள்ளியன்று, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளின் தியானத்துக்கு என்னைக் கூட்டிப்போவார். அந்த மூன்று மணி நேர ஆராதனை, பெரு நாட்டு லிமாவில் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் குரு ஒருவர் தொடங்கியது. அத்தையிடம் சொன்னேன். ‘யார் ஆரம்பிச்சா என்னடா, நல்லதுதானே’ என்று சிரித்தார்.

இந்தப் பாஸ்டர் சபையிலும் ஏழு வார்த்தை உண்டு. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை, புத்தாண்டுக்கு வசனம் எழுதிக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டை எல்லாம் உண்டு. அதெல்லாம் பைபிளில் எங்கே இருக்கிறது? அவர் செய்தால் ஆசீர்வாதம், எங்கள் பாட்டி மணி உருட்டினால் மனிதக் கற்பனை!

இறந்தவர்களுக்காகச் செபிக்க வசனம் கேட்பவர்கள் 2 மக்கபேயர் 12-ஐப் பாருங்கள். உங்கள் பைபிளின் 66 நூல்களில் கிடையாது, எங்கள் 73-இல் உண்டு. அந்த எண்ணிக்கையை யார் முடிவு செய்வது? சண்டையே அங்கேதான். எங்களுக்கு 1546-இல் திரெந்து சங்கம் என்ற கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கம் அறுதியிட்டுச் சொன்னது. ஆர்த்தடாக்ஸ்காரர்கள் பழைய பொதுச்சங்கங்களைக் காட்டுவார்கள். இவருக்கு? மைக் பிடித்திருக்கும் இவரேதான். எங்களுக்கு ரோமில் ஒரு போப் போதும். குன்னூரிலிருந்து கோத்தகிரி போவதற்குள் எத்தனை போப்!

‘ஒற்றுமையைக் கெடுக்காதீங்க’ என்று வருபவர்கள் அவர் பக்கத்தில் போய் எழுதுங்கள். இறந்துபோன அம்மாவின் மகள் என்னோடு படித்தவள். ‘அம்மாவுக்காக நாங்க சொன்னது சாமிக்குப் போய்ச் சேராதாடா?’ என்று போனில் அழுகிறாள். வசனம் தெரிந்தவர்கள் அவளுக்குப் பதில் சொல்லுங்கள்.