கதவு முழுதாகத் திறக்க வேண்டும்

மூன்று வாரங்களுக்கு முந்திய சனிக்கிழமை மதியம், வடமேற்கு லண்டனில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட ஓட்டத்தில் இருக்கும் ஒரு பெரிய சுப்பர்மார்க்கட்டுக்கு என் அக்கா தனியே போயிருந்தார். சக்கர நாற்காலிப் படம் போட்ட தரிப்பிடங்கள் எல்லாம் நிறைந்திருந்தன. அவற்றில் ஒன்றில் ட்ரொலிகளைக் கோத்து நிறுத்தியிருந்தார்கள். இன்னொன்றில் கார் கழுவுகிறவர்களின் வான் நின்றது. இரண்டு முறை சுற்றிவந்த பிறகு, குழந்தைகளோடு வரும் பெற்றோருக்கென ஒதுக்கப்பட்ட வரிசையின் ஓரத்தில் காலியாக இருந்த இடத்தில் காரை விட்டார். நாற்காலியைப் பூட்டி இறங்கிக் கதவைச் சாத்தும்போது, கைக்குழந்தையோடு வந்த ஓர் இளம் தாய், உங்கள் பிள்ளை எங்கே என்று கேட்டிருக்கிறார். அக்கா கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்த புளூ பாட்ஜை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கும் தரிப்பிட அனுமதி அட்டையை, காட்டினார். உங்களுக்குத்தான் தனியாக இடம் கொடுத்திருக்கிறார்களே, இதையும் ஏன் எடுக்கிறீர்கள் என்பது அந்தத் தாயின் அடுத்த கேள்வி. அக்கா வாதாடவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு, நாற்காலியை மறுபடி கழற்றி உள்ளே ஏற்றி, ஒரு பொருளும் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

அன்றிரவு தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவருடைய குரலில் கோபம் இருக்கவில்லை. "அந்தப் பிள்ளையும் பாவமடா, ஒரு கிழமையா நித்திரை கொள்ளாத முகம்," என்றார். கோபம் வந்தது எனக்குத்தான். ஆனால் அந்தக் கோபத்தை வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. பதினொரு வருடங்களுக்கு முன்னர், எங்கள் இரட்டைப் பிள்ளைகளுக்கு மூன்று மாதமாக இருந்தபோது, இதே கேள்வியை நானும் கேட்டவன். பெற்றோர் தரிப்பிடத்தில் புளூ பாட்ஜ் வைத்த கார் ஒன்று நிற்கிறது என்று வாடிக்கையாளர் மேசையில் போய் முறையிட்டேன். அவர்களும் அந்தக் காரின் இலக்கத்தை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். குளிரூட்டிப் பெட்டிகளுக்கு இடையிலிருந்து ஊன்றுகோலோடு ஒரு முதியவர் வெளிப்பட்டு வாசலுக்கு வந்து சேர எடுத்த நேரம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. நான் அந்த நேரம் முழுவதும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பிள்ளைகளின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். ஆகவே இப்பதிவை அந்த இளம் தாய்க்கு எதிராக எழுதவில்லை. பாட்ஜ் உள்ள ஒரு சாரதி, தனக்குரிய இடங்கள் நிறைந்திருக்கும்போது, பெற்றோருக்கான இடத்தைப் பயன்படுத்துவதில் தவறில்லை என்றும், அதைத் தவறுபோலத் தோன்றச் செய்வது கடைக்காரர்களின் அறிவிப்புப் பலகைதான் என்றும் நான் நம்புகிறேன். அதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அகலத்தைப் பற்றிச் சொல்கிறேன். இந்த நாட்டில் ஒரு சாதாரணத் தரிப்பிடத்தின் அகலம் வழக்கமாக 2.4 மீற்றர். இன்றைய குடும்பக் கார் ஒன்று, பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே, ஏறத்தாழ 1.8 மீற்றர் இருக்கும். காரை நட்டநடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு 30 சென்ரிமீற்றர்தான் மிச்சம். பக்கத்துக் காரும் அதே ஒழுங்கில் நின்றால் இரண்டுக்கும் இடையில் 60 சென்ரிமீற்றர் கிடைக்கும். மெலிந்த ஒருவர் வயிற்றை எக்கிக்கொண்டு இறங்கிவிடலாம். குழந்தையை வைத்த கார் சீற்றைத் தூக்கி எடுக்க அது போதாது என்பது பெற்றோர் ஒவ்வொருவருக்கும் தெரியும். அக்காவுக்கு அது எந்த விதத்திலும் போதாது.

சிறு வயதில் வந்த போலியோவால் அவருடைய இரண்டு கால்களும் பலமிழந்தவை. அவருடைய காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கைப்பிடித் தண்டு இருக்கிறது. முன்னே தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் வேகம். இறங்கும்போது கதவை அது போகக்கூடிய கடைசி எல்லை வரை திறந்துவைப்பார். பக்கத்து இருக்கையில் கிடக்கும் நாற்காலியின் சட்டத்தைத் தன் நெஞ்சுக்கு மேலாக இழுத்து வெளியே நிலத்தில் நிறுத்துவார். பிறகு பின்னிருக்கையிலிருந்து சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்து, நடுவிலுள்ள பொத்தானை அழுத்திச் சட்டத்தில் செருகி, "டிக்" என்ற சத்தம் வந்ததா என்று காது கொடுத்துக் கேட்பார். நாற்காலியின் பிரேக்கைப் பூட்டி, இருக்கையில் ஒரு கையும் நாற்காலியில் ஒரு கையும் ஊன்றி உடலைத் தூக்கி மாற்றுவார். மழை பெய்தாலும் இதில் ஒரு படியைக்கூட விட முடியாது. இறங்குவதை விடத் திரும்பி ஏறுவதுதான் அவருக்குப் பயம். கடையிலிருந்து வரும்போது பக்கத்தில் யாராவது நெருக்கி நிறுத்திவிட்டால், அந்தக் காரின் சொந்தக்காரர் வந்து எடுக்கும்வரை வெளியிலேயே இருக்க வேண்டியதுதான். ஒரு மார்கழி மாலையில் அப்படி ஐம்பது நிமிடம் இருந்திருக்கிறார்.

"அப்படியானால் சாதாரண இடத்தில் விடலாமே" என்று சொல்பவர்களுக்காகத்தான் இந்த விவரம் முழுவதும். பெற்றோரின் இடம் கிடைக்காவிட்டால் பெற்றோர் சிரமப்படுவார்கள், சலித்துக்கொள்வார்கள், தூரத்தில் இரண்டு இடம் சேர்ந்து காலியாக உள்ள மூலையில் போய் நிறுத்துவார்கள். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். அகலமான இடம் கிடைக்காவிட்டால் அக்கா காரை விட்டு இறங்கவே முடியாது. இந்த இரண்டு நிலைமைகளையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நியாயமில்லை.

சட்டமும் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. 1970இல் அல்ஃப் மொரிஸ் என்ற பாராளுமன்ற உறுப்பினர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேற்றிய நாட்பட்ட நோயாளர், மாற்றுத்திறனாளர் சட்டத்தின் 21ஆம் பிரிவிலிருந்துதான் இந்தப் பாட்ஜ் பிறந்தது. 1971இல் செம்மஞ்சள் நிறத்தில் வந்த அட்டை, ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான வடிவத்தைப் பின்பற்றி 2000இலிருந்து நீலமாக மாறியது. 2019 ஆகஸ்ட் 30 முதல், கண்ணுக்குத் தெரியாத இயலாமை உள்ளவர்களுக்கும் இங்கிலாந்தில் இதைப் பெறும் வழி திறந்தது. மாறாக, பெற்றோர் தரிப்பிடத்துக்கு இந்த நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. எத்தனை இடம், எவ்வளவு அகலம், எந்த வயதுப் பிள்ளை வரை என்பதெல்லாம் கடைக்காரரின் விருப்பம். பிள்ளைகளோடு வருகிறவர்கள் ட்ரொலியை நிறைத்துக்கொண்டு போகிறவர்கள் என்பதால் அவர்களுக்கு வாசலோரம் இடம் கொடுப்பது நல்ல வியாபாரம். அது நல்ல வசதியும்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கடையின் உபசாரத்தை உரிமை என்று நாம் பழகிவிட்டோம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. புளூ பாட்ஜ் அடிப்படையில் பொதுத் தெருக்களுக்கானது. சுப்பர்மார்க்கட் தரிப்பிடம் தனியார் நிலம். அங்கே அந்தப் பாட்ஜ் தானாக எந்த உரிமையையும் தருவதில்லை. பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே ஒப்பந்தம் என்ற நிலைப்பாட்டில்தான் தரிப்பிட நிறுவனங்கள் கட்டணச் சீட்டு அனுப்புகின்றன. செம்ஸ்ஃபோர்டில் இரண்டு மணி நேர எல்லையைத் தாண்டி நின்ற ஒருவருக்கு விதித்த 85 பவுண் செல்லும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, அந்தச் சீட்டுகளை யாரும் இலேசாகத் தூக்கி எறிய முடியாது. ஆகவே பலகையில் "பிள்ளையோடு வருபவர்களுக்கு மட்டும்" என்று இருந்தால், அக்காவுக்கும் சீட்டு வரலாம். ஆனால் அதே நிலத்தில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமும் செல்லும். சேவை வழங்குபவர் மாற்றுத்திறனாளிகளுக்காக நியாயமான மாற்றங்களைச் செய்ய வேண்டும் என்பது அச்சட்டம் விதிக்கும் கடமை. ஒதுக்கிய இடத்தில் ட்ரொலிகளை அடுக்கிவைத்துவிட்டு, அடுத்த வரிசையில் நின்றதற்குச் சீட்டு அனுப்பினால், அந்தக் கடமையைச் சுட்டிக்காட்டி எதிர்த்து வாதாட அவருக்கு வலுவான இடமுண்டு.

இதற்கு மறுபக்கமாக, மாற்றுத்திறனாளிகளின் இடம் காலியாக இருக்கும்போது பெற்றோர் அதில் நிறுத்தலாமா என்று உடனே கேட்பார்கள். நிறுத்தக் கூடாது. காலியாக இருப்பதுதான் அந்த இடத்தின் வேலை. அடுத்து வருகிறவர் எப்போது வருவார் என்று தெரியாததால்தான் அதைக் காலியாக வைத்திருக்கிறார்கள். குழந்தைக்கே கனமான மருத்துவக் கருவிகள் தேவைப்பட்டால், அல்லது அவசரச் சிகிச்சைக்காக எப்போதும் காருக்கு அருகில் இருக்க வேண்டியிருந்தால், மூன்று வயதுக்கு உட்பட்ட அந்தக் குழந்தையின் பெயரிலேயே பாட்ஜ் எடுக்க முடியும். எங்கள் ஆட்களில் பலருக்கு இது தெரியாது, அதனால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

பெற்றோர் பக்கத்திலும் நியாயங்கள் இருக்கின்றன, அவற்றை நானே அனுபவித்தவன். இரட்டைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ட்ரொலி எடுக்கப் போவது எப்படி, திரும்பக் கொண்டுபோய் விடுவது எப்படி என்பது பெரிய கணக்கு. பிள்ளைகளைக் காரில் பூட்டிவிட்டு நாற்பது அடி போகவும் மனம் வராது. கையை உதறிக்கொண்டு ஓடுகிற இரண்டு வயதுப் பிள்ளையை, பின்னோக்கி வரும் கார்களுக்கு நடுவே கூட்டிப்போவது உண்மையிலேயே ஆபத்தானது. ஆனால் இவற்றில் எதற்கும் வாசலோரம்தான் மருந்து என்றில்லை. அகலமான இடம், அதை ஒட்டி ஒரு நடைபாதை, பக்கத்திலேயே ட்ரொலிக் கூண்டு, இவை மூன்றும் இருந்தால் பெற்றோரின் வரிசை நூறு மீற்றர் தள்ளி இருந்தாலும் பாதகமில்லை. பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு நூறு மீற்றர் நடக்க நம்மால் முடியும். ஐம்பது மீற்றருக்கு மேல் நடக்க முடியாதவர்கள் பாட்ஜுக்குத் தகுதி பெறுகிறார்கள் என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். பெற்றோருக்குத் தேவை அகலம். பாட்ஜ் உள்ளவர்களில் பலருக்கு அகலமும் அண்மையும் சேர்ந்தே தேவை.

கடைகளைக் கட்டும்போது மொத்த இடங்களில் 6 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பது அரசாங்க வழிகாட்டியின் பரிந்துரை. முந்நூறு கார் நிற்கும் இடத்தில் அது பதினெட்டு. சனிக்கிழமை மதியம் அந்தப் பதினெட்டும் எவ்வளவு நேரத்தில் நிறையும் என்று ஒருமுறை நின்று பாருங்கள்.

எங்கள் சமூகத்துக்குள் பேச வேண்டிய ஒன்றும் இருக்கிறது. "அப்பாவின்ர பாட்ஜ் கிடக்குதுதானே, வைச்சிட்டு ஓடிப்போய் வருவம்" என்ற பேச்சை நான் கல்யாண வீடுகளிலும் கோயில் வாசலிலும் கேட்டிருக்கிறேன். அப்பா வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய பாட்ஜ் தெருவில் நிற்கும். உரியவர் பயணத்தில் இல்லாமல் பாட்ஜைப் பயன்படுத்துவது குற்றம். நீதிமன்றம் 1,000 பவுண் வரை தண்டம் விதிக்கலாம். அதை விடப் பெரிய கேடு, இப்படிப்பட்டவர்களைப் பார்த்துப் பழகியவர்கள் உண்மையான பாட்ஜ்காரர்களையும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்குவது. அக்காவிடம் நாற்காலி இருப்பதால் ஓரளவு தப்பினார். இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ள ஒருவர் காரிலிருந்து இறங்கி இயல்பாக நான்கு அடி நடந்தால், அவருக்குக் கிடைப்பது இன்னும் கடுமையான பார்வை. இதே அளவுகோலால் பெற்றோரையும் அளக்கலாம்: பின்னிருக்கையில் வெறும் கார் சீற் மட்டும் இருக்க, பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு அந்த வரிசையில் நிறுத்துகிறவர்கள் எத்தனை பேர்? பதினொரு வயதுப் பையன் தானே கதவைத் திறந்து குதித்து இறங்க, தாய் தகப்பன் உள்ளேயே இருப்பதையும் பார்க்கிறோம். பாட்ஜும் இல்லாமல் பிள்ளையும் இல்லாமல் அங்கே நிற்கும் கார்களை யாரும் கேட்பதில்லை. பெரிய வாகனத்தில் வரும் ஆட்களிடம் வாய் கொடுக்க நமக்குத் துணிவு வராது, சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் மட்டும் வந்துவிடுகிறது.

இவ்வளவுக்கும் தீர்வு பெரிய செலவில்லாதது. பெற்றோர் தரிப்பிடப் பலகையில் பிள்ளைப் படத்துக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலிப் படத்தையும் போட்டு, "மாற்றுத்திறனாளிகளின் இடங்கள் நிறைந்திருந்தால் பாட்ஜ் உள்ளவர்களும் நிறுத்தலாம்" என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்த இளம் தாய் கேட்டிருக்க மாட்டார், அக்காவும் மன்னிப்புக் கேட்டிருக்க மாட்டார். இதை அந்தக் கடையின் முகாமையாளருக்கு எழுதி அனுப்பினேன். ட்ரொலிகளின் படத்தையும் இணைத்தேன். தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம் என்று நான்கு நாளில் பதில் வந்தது. அதன் பிறகு இன்று வரை வேறு எதுவும் வரவில்லை. போன சனிக்கிழமை போய்ப் பார்த்தேன், வான் இல்லை; ட்ரொலிகள் இருந்தன.

அக்கா இப்போது சனிக்கிழமையில் போவதே இல்லை. செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் போகிறார். அது உனக்குத் தோல்வியாகத் தெரியவில்லையா என்று கேட்டேன். "அந்த நேரம் பதினெட்டு இடமும் வெறுமையடா," என்றார். "பாணும் அரை விலை."