டீசல் மெக்கானிக் ஆகலாமா என்று கேட்ட அக்கா மகனுக்கு

பிளஸ் டூ முடித்த அக்கா மகன் போன வாரம் ஷெட்டுக்கு வந்து, "மாமா, நானும் டீசல் மெக்கானிக் ஆகட்டுமா?" என்று கேட்டான். ஆகடா என்று சொல்ல வாய் வரை வந்தது; அடக்கிக்கொண்டேன். அன்று இரவே அக்கா போன் செய்தாள். "நீ பட்டது போதாதா? அவனையும் கிரீஸில் முக்க வேண்டுமா?" என்றாள். அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எனக்குப் பெண் பார்க்கப் போன இரண்டு வீடுகளில் "மெக்கானிக்கா?" என்று இழுத்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் கேட்கும் கேள்வி: டீசலே இனி இருக்குமா? காரை மட்டும் பார்த்தால் பயம் நியாயம்தான். மாருதி 2020-லேயே டீசல் காரை நிறுத்திவிட்டது. சென்னையில் 2025-இல் மாநகர பஸ்களிலேயே மின்சாரம் வந்துவிட்டது. ஆனால் நம் பக்கம் வேலை கொடுப்பது காரா? கல் குவாரியில் ஓடும் டிப்பர், ஜேசிபி, போர்வெல் லாரி, ஆரணி, ஆற்காடு பக்கம் அறுப்புக் காலத்தில் இறங்கும் நெல் அறுவடை இயந்திரம், ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் நிற்கும் ஜெனரேட்டர், இரவு பகலாக பெங்களூரு நெடுஞ்சாலையில் போகும் சரக்கு லாரி, இவைதான். இன்று ஷோரூமை விட்டு வெளியே வரும் டிப்பர் இன்னும் பத்து வருடமாவது ஓடும். அதை யாராவது பழுது பார்த்தே ஆக வேண்டும்.

ஆகவே டீசல் இருக்குமா என்பது எனக்குக் கவலை இல்லை. என்னைப் போல அவன் கற்றுக்கொள்ளக் கூடாது என்பதுதான் கவலை.

நான் 2003-இல், பதினேழு வயதில், ஒரு ஷெட்டில் சேர்ந்தேன். இரண்டரை வருடம் டீ வாங்கி வந்தேன், டீசல் தட்டில் சாமான் கழுவினேன். எஞ்சின் வால்வின் டேப்பெட் இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடு, ஃபீலர் கேஜ், அதைக் கையில் கொடுக்கவே இல்லை. பம்ப்பைக் கழற்றும்போது முதலாளி, "போய்த் தண்ணீர் எடுத்து வா" என்று அனுப்பிவிடுவார். தொழில் தெரிந்துவிட்டால் பையன் போய்விடுவான் என்ற பயம் அவருக்கு. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சாம்பார் சாதம் பிசைந்தால் எரியும். அந்த இரண்டரை வருடத்தை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு பையனின் வயதைத் திருடுவதும் திருட்டுதான்.

பிறகு போன இடத்தில் நல்ல மேஸ்திரி கிடைத்தார். எஞ்சின் ஓடும்போதே, சிலிண்டருக்கு டீசல் கொண்டுபோகும் ஒவ்வொரு நாசில் பைப்பின் நட்டையும் கொஞ்சம் தளர்த்திப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். தளர்த்தியதும் எஞ்சின் சத்தம் தடுமாறினால் அந்த சிலிண்டர் நன்றாக இருக்கிறது; சத்தம் மாறவே இல்லை என்றால் கோளாறு அங்கேதான். கண்ணை மூடிக்கொண்டு காதாலேயே கண்டுபிடிப்போம். என் தலைமுறை மெக்கானிக்குகளின் பெருமையே அதுதான்.

இப்போது அதையே செய்தால் கை போய்விடும். எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலை அழுத்தி வைக்கும் காமன் ரெயில் எஞ்சினில் டீசல் அழுத்தம் 1,600 பாருக்கு மேலும் போகிறது. லாரி டயரில் நாம் அடிக்கும் காற்று ஏறத்தாழ 8 பார்தான். நட்டைத் தளர்த்தினால் கண்ணுக்குத் தெரியாத ஊசி போலப் பீய்ச்சி, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். நான் பத்து வருடம் பெருமையோடு செய்த வேலையை என் கையே மறக்க வேண்டியிருந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு யூரியா டேங்க், சென்சார், புகை வடிகட்டி என்று வண்டியே வேறு வண்டி ஆகிவிட்டது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பள்ளிகொண்டா பக்கத்திலிருந்து ஒரு டிப்பர் வந்தது. பாரம் ஏற்றினால் இழுக்கவில்லை, டாஷ்போர்டில் விளக்கு எரிகிறது. வேறு ஓர் இடத்தில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, புகைக் குழாயில் இருக்கும் சென்சாரை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். மாற்றியும் அதே கோளாறு. ஓனருக்கு ஆயிரக்கணக்கில் நஷ்டம். நான் மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரோடு அடியில் படுத்து, அந்த சென்சாரின் வயரைச் சேசிஸ் ஓரமாகவே தடவிக்கொண்டு போனேன். கிளாம்ப் உரசி மேல் உறை தேய்ந்த இடத்தில் உள்ளே செம்பு பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. ஒரு சாண் வயரை வெட்டி, புது வயர் சேர்த்து, டேப் சுற்றினேன். வண்டியில் பதிவாகியிருந்த கோளாறு எண்ணை அழித்ததும் விளக்கு அணைந்தது. மல்டிமீட்டர் பிடிக்க நான் கற்றது 35 வயதில். அதைப் பதினெட்டு வயதிலேயே கற்றிருந்தால் என் வாழ்க்கையே வேறாக இருந்திருக்கும்.

அதனால் தம்பி, நீ ஐ.டி.ஐ-யில் சேர். டீசல் மெக்கானிக் பிரிவு ஒரு வருடம், மோட்டார் வாகன மெக்கானிக் இரண்டு வருடம். பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். நான் இரண்டு வருடத்தையே சொல்வேன், வயரிங்குக்கு அங்கே நேரம் கிடைக்கும். அரசு ஐ.டி.ஐ-யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. நீ அரசுப் பள்ளியில் படித்தவன், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். பிறகு அப்ரெண்டிஸாக ஒரு நல்ல சர்வீஸ் சென்டர் பார்.

பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியதிலிருந்து மச்சான் ஒரே பிடிவாதமாக இருக்கிறார்: "பையன் அங்கே போகட்டும்." போகட்டும், தவறில்லை. ஆனால் அது பாகங்களைச் சேர்த்துப் புது வண்டி பூட்டும் வேலை. பழுதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை வேறு. எதில் உன் மனம் நிற்கிறது என்று நீதான் பார்க்க வேண்டும்.

அக்கா, உனக்கு ஒன்று. இடுப்பு வலி உண்மை, காது மந்தமாவதும் உண்மை, மறைக்கவில்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது, ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் தலையை நுழைக்க வேண்டும் என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். பெண் கொடுக்கத் தயங்கிய வீடுகளைப் பற்றி நீ கவலைப்படாதே. அவர்கள் வீட்டு டிராக்டர் நின்றபோது என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

ஐ.டி.ஐ-யில் சேருவதற்கு முன் அவன் ஒரு மாதம் ஷெட்டில் நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன். வெயிலில் சூடேறிய எஞ்சின் பக்கத்தில் நின்ற பிறகும் ஆசை இருந்தால் சேரட்டும். என் ஷெட் வேண்டாம். சொந்தக்காரப் பையன் என்று யாரும் கண்டிக்க மாட்டார்கள். ஆற்காடு, வாலாஜா, காட்பாடி பக்கம் ஷெட் வைத்திருக்கும் நண்பர்கள் யாராவது அவனுக்கு இடம் கொடுக்க முடியுமா? பையனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. சம்பளம் வேண்டாம். எஞ்சினைக் கழற்றும்போது அவனைத் தண்ணீர் எடுக்க அனுப்பாமல் பக்கத்தில் நிற்க விட்டால் போதும்.