குரூப்பில் இருந்து நீக்கப்பட்ட அந்தப் பிள்ளையைப் பற்றி

ஒரு சாஃப்ட்வேர் டீமின் சாட் குரூப்பில் இருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி சுற்றிய அந்த ஸ்கிரீன்ஷாட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மறுபடியும் இங்கே போடப் போவதில்லை. அந்தப் பிள்ளை எழுதியது இரண்டே வரி. பேமென்ட் பகுதியில் ரீஃபண்ட் இன்னும் டெஸ்ட் செய்து முடியவில்லை, திங்கட்கிழமை லைவ் போவது, அதாவது மக்கள் பயன்பாட்டுக்கு விடுவது, ரிஸ்க். மேனேஜர் போட்ட பதில், "உன் கருத்தை இங்கே யாரும் கேட்கவில்லை." அதற்குக் கீழே அவளைக் குரூப்பில் இருந்து நீக்கிய அறிவிப்பு.

நேற்று நான் இதைப் பற்றி நாலு வரி எழுதியதற்கு வந்த கமெண்டுகளைப் படித்த பிறகு மனசு ஆறவில்லை. "அக்கா, இது கம்பெனி, பாலவாடி இல்லை" என்று ஒரு தம்பி. "டெக்னிக்கலா அவர் பெரிய ஆள், உங்களுக்குத் தெரியாது" என்று இன்னொருவர். நான் மதிக்கிற ஒரு அண்ணன்கூட "ரிலீஸ் நேரத்தில் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்" என்று எழுதியிருந்தார். அதுதான் அதிகம் வலித்தது.

அவள் டெஸ்டர். எது உடைந்திருக்கிறது, எதை இன்னும் பார்க்கவில்லை என்று சொல்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். தன் வேலையைச் செய்ததற்காக இருபது பேர் முன்னால் அவமானப்படுத்தப்பட்டிருக்கிறாள்.

மனிதர்களோடு பழகத் தெரிவது ஒரு மேனேஜருக்கு இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது என்றுதான் பலரும் நினைக்கிறீர்கள். சாஃப்ட்வேர் ப்ராஜெக்டில் அதுதான் வேலையே. ஒரு மாட்யூல், அதாவது மென்பொருளின் ஒரு பகுதி, எண்பது சதவீதம் முடிந்திருக்கிறதா இல்லையா என்று மேனேஜரால் டேப் வைத்து அளக்க முடியாது. செய்கிறவர் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால்தான் உண்டு. அந்த வாயை அடைத்துவிட்டால் அப்புறம் அவர் எதை வைத்து நிர்வாகம் செய்வார்? எக்செல் ஷீட்டில் எல்லாம் பச்சையாக இருக்கும். லைவ் போன அன்றைக்குத்தான் சிவப்பு தெரியும்.

எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையான, தலைமை நன்றாக உள்ள குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. காரணம், அங்கே தவறை வெளியே சொல்ல யாரும் பயப்படவில்லை. மற்ற இடங்களில் மறைத்தார்கள். அப்புறம் கூகுள் 2012 முதல் தன்னுடைய 180 டீம்களுக்கு மேல் ஆராய்ந்தபோதும், டீமில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட அவர்களால் பயமில்லாமல் பேச முடிகிறதா என்பதுதான் முதலில் வந்து நின்றது. அந்த நிறுவனத்தில் டெக்னிக்கலாகப் பெரிய ஆட்களுக்கா பஞ்சம்?

இதைத் தெரிந்துகொள்ள எனக்கு எந்த ஆய்வும் தேவைப்படவில்லை. எங்கள் அம்மா அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில், வேலை பார்த்தவர். மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அம்மா இருந்தது தோல் எடுக்கிற பிரிவில். போர்மாவில், அதாவது பருப்பை உலர்த்துகிற சூட்டடுப்பில், சூடு சரியாக ஏறாமல் வந்த பருப்பில் தோல் ஒட்டிக்கொள்ளும். கத்தியால் சுரண்டினால் பருப்பு பிளந்துவிடும். பிளந்த பருப்புக்கு விலை பாதிதான். பருப்பு சரியில்லை என்பது முதல் பிடி எடுத்ததுமே அந்தப் பெண்களின் விரலுக்குத் தெரிந்துவிடும். ஆனால் சொல்ல மாட்டார்கள். "சொன்னா, உனக்க கைதான் கொள்ளாதுண்ணு சூப்பர்வைசரு ஏசுவாரு மக்கா. அதனால ஆருஞ் சொல்லமாட்டோம்" என்பார் அம்மா. சாயங்காலம் வரைக்கும் சத்தமில்லாமல் உடைத்துக்கொண்டே இருப்பார்கள். அப்புறம் அந்த சூப்பர்வைசர் போய் ஒரு வயதான அம்மா அந்த இடத்துக்கு வந்தார். காலையில் வந்ததும் வரிசையாக நடந்து, "இன்னைக்குப் பருப்பு எப்படி இருக்கு?" என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்பாராம். சரியில்லை என்று இரண்டு பேர் சொன்னாலே போதும், மொத்தத்தையும் திருப்பி போர்மாவுக்கு அனுப்பிவிடுவார். அவர் எட்டாம் வகுப்புகூடத் தாண்டாதவர். அவரை விடவா நம் மேனேஜர்களுக்கு வேலை தெரியவில்லை?

சரி, ஆட்சேபணைகளுக்கு வருகிறேன்.

மேனேஜருக்கும் கிளையன்ட் அழுத்தம் இருக்கும் என்கிறீர்கள். இருக்கும். அந்த அழுத்தத்தைத் தாங்கத்தானே அவருக்குக் கூடுதல் சம்பளம். மேலே இருந்து வருவதை வடிகட்டாமல் அப்படியே கீழே கொட்டுவதற்கு நடுவில் ஓர் ஆள் எதற்கு?

வேறு டீமில் இருந்து இரண்டு பேரைக் கொண்டுவந்து முடிப்பதாக அவர் அதே குரூப்பில் சொல்லியிருந்ததைச் சிலர் எடுத்துக்காட்டினீர்கள். ஐபிஎம்மின் ஓஎஸ்/360 என்ற பெரிய கம்ப்யூட்டர் இயங்குதளத்தை உருவாக்கும் வேலையை 1960களில் நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975லேயே எழுதிவிட்டார், தாமதமான ப்ராஜெக்டில் ஆளைக் கூட்டினால் இன்னும் தாமதமாகும் என்று. புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, வேலை தெரிந்தவர்கள் தங்கள் வேலையை நிறுத்த வேண்டும். ஐந்து பேர் இருந்தால் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய ஜோடிகள் 10. பத்துப் பேரானால் 45. வெள்ளி ராத்திரி வருகிற இரண்டு பேரால் திங்கள் காலைக்குள் என்ன ஆகும்? அந்த ரீஃபண்ட் ஃப்ளோ தெரிந்தவள் அந்தப் பிள்ளைதான். அவளையும் நீக்கியாயிற்று.

அடுத்து, "இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரு சொல் தாங்க மாட்டார்கள்" என்ற கமெண்ட். இதற்கு மட்டும் என்னால் நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை. எந்தப் பிள்ளைகளைச் சொல்கிறீர்கள்? விடியுமுன் எழுந்து, இரணியலிலும் குழித்துறையிலும் ரயில் ஏறி, திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் இருக்கிற டெக்னோபார்க் ஐடி வளாகம் வரைக்கும் நின்றுகொண்டே போய், ராத்திரி திரும்பி வருகிற பிள்ளைகளையா? பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, இங்கிலீஷில் நடக்கிற ஃபோன் மீட்டிங்கில் ஒரு வாக்கியம் பேசுவதற்கு முன் மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்க்கிற பிள்ளைகளையா? அப்படி ஒருத்தி தைரியத்தைக் கூட்டி, எல்லோரும் பார்க்கிற இடத்தில் இரண்டு வரி எழுதியிருக்கிறாள். அந்த இரண்டு வரி எழுத எவ்வளவு நேரம் யோசித்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். இனி எழுத மாட்டாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் எழுத மாட்டார்கள். அந்த டீமில் இனி யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள். இதுதான் அந்த மேனேஜர் தன் ப்ராஜெக்டுக்குச் செய்த நஷ்டம்.

நல்ல மேனேஜரை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். நான் அப்போது சென்னையில். வீட்டுக்கு லைன் போகவில்லை. ஊரில் கரண்ட் இல்லை, போஸ்ட் எல்லாம் சாய்ந்துவிட்டது என்று மட்டும் தகவல். மறுநாள் காலை ஸ்டாண்டப்பில், அதாவது டீமின் தினசரி சின்ன மீட்டிங்கில், "நோ பிளாக்கர்ஸ்", என் வேலைக்குத் தடை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மீட்டிங் முடிந்ததும் என் மேனேஜர் மேசைக்கு வந்தார். "உங்க ஊர்ல புயல்னு நியூஸ்ல ஓடுது. வீட்டுல பேசினியாம்மா?" இல்லை என்றேன். "கிளம்பு. உன் டிக்கெட்டை நான் பார்த்துக்கிறேன்." டிக்கெட் என்றால் எனக்கு ஒதுக்கியிருந்த வேலை. நிஜமாகவே அதை அவரே உட்கார்ந்து முடித்தார். திரும்பி வந்தபோது என் பெயரில் பாக்கி எதுவும் இல்லை.

சில மாதம் கழித்து அதே ப்ராஜெக்டில், பழைய டேட்டாவைப் புதிய சிஸ்டத்துக்கு மாற்றும்போது நாளும் மாதமும் இடம் மாறிப் பதிவாவதை நான் கவனித்தேன். ராத்திரி பத்து மணி இருக்கும். ஒரு நொடிகூட யோசிக்காமல் அவரை அழைத்தேன். "எத்தனை ரெக்கார்ட்? சரி, கிளையன்ட்கிட்ட காலைல நான் பேசுறேன்" என்றார். கட்ஓவர், அதாவது புதிய சிஸ்டத்துக்கு மாறுவது, ஒரு வாரம் தள்ளிப்போனது. டேட்டா தப்பியது. அவர் எப்படிப்பட்டவர் என்று ஒக்கி அன்றே தெரிந்திருந்ததால்தான் அந்த ராத்திரி நான் ஃபோனை எடுத்தேன். இதை எந்தச் சர்டிஃபிகேஷனும் சொல்லித் தராது.

கீழே இருந்து வருகிற குரலைக் கேட்காவிட்டால் என்ன பெரிதாகிவிடும் என்று கேட்கிறவர்கள் பிரிட்டன் தபால் துறையில் நடந்ததைப் படியுங்கள். 1999 முதல் அங்கே ஹொரைசன் என்ற புஜிட்சு மென்பொருள் கணக்கு பார்த்தது. இல்லாத பணம் குறைவதாகக் காட்டியது. தபால் நிலையம் நடத்தியவர்கள் சிஸ்டத்தில் தப்பு என்று ஹெல்ப்லைனில் சொன்னார்கள். "உங்களுக்கு மட்டும்தான் இப்படி" என்று பலருக்கும் பதில் வந்தது. 900க்கும் மேற்பட்டவர்கள் மீது குற்றம் தீர்ப்பானது. ஜெயிலுக்குப் போனவர்கள் உண்டு, உயிரை விட்டவர்கள் உண்டு. 2024ல் தனிச் சட்டம் போட்டுத்தான் அந்தத் தீர்ப்புகளை மொத்தமாக ரத்து செய்தார்கள். அங்கேயும் முதலில் சொன்னவர்களிடம் உன் கருத்து தேவையில்லை என்றுதானே சொன்னார்கள்?

"அப்போ மேனேஜர் கோபப்படவே கூடாதா அக்கா?" என்று இன்பாக்ஸில் ஒரு தம்பி உண்மையாகவே கேட்டிருந்தான். தனியாகக் கூப்பிட்டுக் கோபப்படு மக்கா. தேதியை நீயே முடிவு பண்ணாமல், வேலை செய்கிறவனிடம் கேட்டு வாங்கு. "முடிஞ்சுதா" என்று கேட்பதற்குப் பதில் "எங்க நிக்குது" என்று கேள். மீட்டிங்கில் வாயே திறக்காதவளைத் தமிழில் பேசச் சொல். டெஸ்ட் முடியவில்லை என்று ஒருத்தி சொன்னால், எது முடியவில்லை, எவ்வளவு நேரம் வேண்டும் என்று கேள். அன்றைக்கு அந்தக் குரூப்பில் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தாலே போதும்.

அந்த மேனேஜரும் இதைப் படிப்பார் என்று தெரியும், நமக்குப் பொதுவான நண்பர்கள் இருக்கிறார்கள். எந்தக் குரூப்பில் அவளை நீக்கினீர்களோ அதே குரூப்பில் அவளைச் சேர்த்து, அத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேளுங்கள். தனி மெசேஜில் கேட்பது போதாது.

மற்றவர்களுக்கு, கமெண்டில் அந்தப் பிள்ளையின் பெயரையோ கம்பெனி பெயரையோ யாரும் போட வேண்டாம். போட்டால் அழித்துவிடுவேன். அவள் அடுத்த வேலை தேட வேண்டியிருக்கலாம். டெஸ்டிங்கில் ஆள் எடுக்கிற இடம் நாகர்கோவில், திருவனந்தபுரம் பக்கம் தெரிந்தவர்கள் எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள்.