சி.ஆர்.பி. நார்மல் என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள்
ரத்தத்தில் சி.ஆர்.பி. (அழற்சி வந்தால் ஏறும் ஒரு புரதம்) எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தாலே, தோலில் செதில் உதிரும் சோரியாசிஸ் நோயின் தீவிரம் தெரிந்துவிடும் என்கிறது இங்கே வந்திருக்கும் கட்டுரை. என்னால் ஏற்க முடியவில்லை. அப்பாவுக்கு 14 வருடமாக இந்த நோய். முதுகு, கால் முழுக்கச் செதில் உதிர்ந்து படுக்கையைத் தினமும் உதறிப் போட்ட மாதத்தில்கூட அவருக்கு சி.ஆர்.பி. லிட்டருக்கு 4 மி.கி.தான். பிறகு தோல் ஓரளவு தேறியிருந்தபோது பல்லில் சீழ் பிடித்தது, அதே எண் 38க்குப் போனது. கல்லீரல் சுரக்கும் இந்தப் புரதம் உடலில் எங்கே அழற்சி வந்தாலும் ஏறும், பருமன் இருந்தாலே சற்றுக் கூடும். சோரியாசிஸ் உள்ள பலருக்குப் பருமனும் உண்டே. அதனால்தான் சிவப்பு, தடிப்பு, செதில், பரவிய பரப்பு எல்லாம் பார்த்து 0 முதல் 72 வரை போடும் பி.ஏ.எஸ்.ஐ. மதிப்பெண்ணைத் தோல் மருத்துவர்கள் இன்றும் விடவில்லை. மேலே பின்னூட்டத்தில் ஒருவர், சி.ஆர்.பி. நார்மல் என்பதால் தன் மூட்டுவலிக்கு சோரியாசிஸ் காரணமில்லை என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள். சோரியாசிஸ் மூட்டழற்சி வந்தவர்களில் கணிசமானோருக்கு சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். (அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனை) இரண்டுமே நார்மலாக இருக்கும். விரல் வீங்கி, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பாக இருந்தால் உடனே மூட்டுநோய் நிபுணரைப் பாருங்கள். ரிப்போர்ட்டை நம்பி நாங்கள் தாமதித்ததில் அப்பாவின் வலது கையில் இரண்டு விரல்கள் கோணிவிட்டன.