எல்லாப் பிள்ளைக்கும் டெஸ்ட் வையுங்கள்

இங்கே அமெரிக்காவில் பள்ளி திறந்ததும் நம்ம ஆட்களின் வாட்ஸப் குழுவில் தவறாமல் வரும் கேள்வி: "கிஃப்டட் டெஸ்டுக்கு எந்த சைக்காலஜிஸ்ட் நல்லவங்க? எவ்ளோ வாங்குறாங்க?" கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தனி வகுப்புக்குத் தேர்ந்தெடுக்கிற டெஸ்ட் அது. பத்தே நிமிஷத்தில் நாலு பெயர் வந்து விழும். தப்பென்று சொல்ல மாட்டேன், தன் பிள்ளைக்கு யார்தான் பார்க்க மாட்டார்கள்? ஆனால் ஹோட்டலில் இரண்டு ஷிப்ட் பார்க்கிற, ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் பேசுகிற அம்மாவுக்கு இப்படி ஒரு வகுப்பு இருப்பதே தெரியாதே. அவள் பிள்ளைக்கு யார் பெயர் கொடுப்பார்கள்?

புளோரிடாவில் பிரோவார்ட் கவுண்டியிலும் முன்பு இதே கதைதான். ஆசிரியரோ பெற்றோரோ சொன்னால்தான் ஐ.க்யூ. டெஸ்ட். மாணவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானிக்குகளும் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்). மூன்றாம் வகுப்பு கிஃப்டட் பிள்ளைகளிலோ அவர்கள் 28 சதவீதம்தான். 2005-ல் மாவட்டம் ஒரு காரியம் செய்தது. இரண்டாம் வகுப்பில் அத்தனை பேருக்கும் ஒரு சின்ன டெஸ்ட். வார்த்தைகளே வேண்டாத டெஸ்ட் அது. நீலமும் மஞ்சளுமாக ஒரு கோலம், அதில் ஒரு துண்டு காணோம், கீழே உள்ளவற்றில் எது பொருந்தும் என்று குறிக்க வேண்டும். அதில் தேறியவர்களுக்குத்தான் முழு ஐ.க்யூ. டெஸ்ட்.

பொருளாதார நிபுணர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் 2016-ல் இதை ஆராய்ந்து எழுதினார்கள் (கார்டு 2021-ல் நோபல் வாங்கியவர்). கிஃப்டட் ஆன ஏழைப் பிள்ளைகளின் விகிதம் 180 சதவீதம் கூடியிருந்தது. ஹிஸ்பானிக் 130, கறுப்பினம் 80. கட்ஆஃபில் ஒரு பாயிண்ட்கூடக் குறைக்கவில்லை! "தரம் கெட்டுடும்" என்று கிளம்புகிறவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

அதாவது இந்தப் பிள்ளைகள் முன்பும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தார்கள், டீச்சர் கண்ணில் படவில்லை. கறுப்பினப் பிள்ளைக்கு கறுப்பின ஆசிரியர் வாய்த்தால் கிஃப்டடுக்குப் போகும் வாய்ப்பு கூடுகிறது என்று வேறொரு ஆய்வும் சொல்கிறது. டீச்சர்களைத் திட்டிப் பயனில்லை. எந்த மனுஷனும் தனக்குப் பழகிய சாயலில்தான் கெட்டிக்காரத்தனத்தைத் தேடுவான். ஐ.க்யூ. டெஸ்ட் மட்டும் என்ன தெய்வமா? 1921-ல் உளவியலாளர் டெர்மன் கலிபோர்னியா முழுக்க மேதைகளைத் தேடியபோது, டெஸ்ட் எழுதியும் தேறாமல் போனவர்களில் ஒருவர் ஷாக்லி. பின்னால் டிரான்சிஸ்டருக்காக நோபல் வாங்கினார்.

கிஃப்டட் வகுப்பையே மூடிவிட்டால் நியாயம் வந்துவிடும் என்பதும் எனக்கு ஏற்பில்லை. 2021-ல் நியூயார்க் மேயர் டி பிளாசியோ அந்தப் பக்கம்தான் போகப் பார்த்தார். பிரோவார்டில் இன்னொரு விஷயம் உண்டு. கிஃப்டட் வகுப்பில் காலியான இடங்களை, முந்தைய வருஷம் நல்ல மார்க் எடுத்தவர்களைக் கொண்டு நிரப்பினார்கள். அப்படி உள்ளே போன கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகள் கணக்கிலும் வாசிப்பிலும் எகிறினார்கள். வெளியே இருந்தவர்களுக்கு எந்தப் பாதகமும் இல்லை. யாருக்கு அதிகம் உதவுகிறதோ அவர்கள் பெயரைச் சொல்லியே அதை மூடுவது என்ன நியாயம்?

பிரோவார்டிலும் எல்லாருக்குமான அந்த டெஸ்ட் நிலைக்கவில்லை. அத்தனை பேருக்கும் டெஸ்ட் என்றால் சைக்காலஜிஸ்டுகளுக்கு ஓவர்டைம் கொடுக்க வேண்டும். பொருளாதாரம் சரிந்து பட்ஜெட்டில் கை வைத்ததும் டெஸ்டை நிறுத்தினார்கள். ஏற்றத்தாழ்வு பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. அதனால் கல்வி வாரியத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நான் சமத்துவம் பற்றியெல்லாம் கேட்பதில்லை. இரண்டாம் வகுப்பில் எல்லாருக்கும் டெஸ்ட் வைக்க எவ்வளவு பணம் ஒதுக்குவீர்கள், அந்த ஒரு நம்பரைத்தான் கேட்கிறேன்.