சதுரக்கள்ளி கேக்டஸ் இல்லைங்க

“கள்ளி எல்லாமே கேக்டஸ்தான், சதுரக்கள்ளியில் ஒரு கிளையை ஒடித்துத் தொட்டியில் நட்டால் நர்சரிக்கே போக வேண்டாம்” என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். கிளை வேர்விடும், அது சரி. ஆனால் சதுரக்கள்ளி யூபோர்பியா வகை, ஆமணக்குக் குடும்பம். நம் கிருஷ்ணகிரி பக்கம் வேலியோரத்திலும் பாறைக்காட்டிலும் தானாக நிற்கும் மண்ணின் செடி. கேக்டஸின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டங்கள். சின்ன வயதில் பழம் பறித்துத் தின்றோமே, அந்தச் சப்பாத்திக்கள்ளிகூட அங்கிருந்து வந்ததுதான். (அது காடாகப் பரவியதால் 1926-இல் இலங்கையிலிருந்து பூச்சி கொண்டுவந்து விட்டு அடக்கினார்கள்.)

பேர்க் குழப்பம் மட்டுமென்றால் சும்மா விட்டிருப்பேன். ஒடித்ததும் வடிகிற பால்தான் பிரச்சினை. தோலில் பட்டால் எரியும், கொப்புளம் வரும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து; உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே டாக்டரிடம் ஓட வேண்டும். நான் ஒருமுறை வெறுங்கையால் வெட்டிவிட்டு, மறந்துபோய் நெற்றி வியர்வையைத் துடைத்தேன். இரண்டு நாள் முகம் காந்தியது.

அடையாளம் சுலபம். முள்ளின் அடியில் பஞ்சு மாதிரி சின்ன மெத்தை இருந்தால் கேக்டஸ். சதுரக்கள்ளியில் அது இருக்காது, விளிம்பில் முள் இரண்டிரண்டாக நிற்கும்.

வளர்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை, என் மாடியிலும் ஒன்று இருக்கிறது. கையுறை போட்டு வெட்டுங்கள், பாலைக் கழுவி ஒரு வாரம் நிழலில் காயவிட்டு அப்புறம் நடுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத மூலையாக இருக்கட்டும்.